மரவாழைக்கு இடப்பக்கம், உடும்புக்கு வலப்பக்கம்

மார்ச் 6, வியாழன்

இன்று காலை ஊராட்சி அலுவலகத்தில் நடந்த பல்லுயிர்க் குழுக் கூட்டத்தில் இருந்தவர்கள்: வனவர் பூங்கோதை, ஊராட்சிச் செயலர் வேலாயுதம், நான். மொத்தம் மூன்று பேர். இருக்க வேண்டியவர்கள் ஏழு பேர். வராத நான்கு பேரின் கையெழுத்தும் நான் போவதற்கு முன்பே பதிவேட்டில் இருந்தது. டீ கொண்டுவந்த பையனிடமும் செயலர் பேனாவை நீட்டினார். அவன் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான், அவனுக்காவது புத்தி இருந்தது.

விஷயம் இதுதான். ஒரு ஊராட்சிக்கு ஒரு உயிர் என்று தேர்ந்தெடுத்து, அதைப் பாதுகாக்க வேலியும் போர்டும் வைப்பார்களாம். எங்கள் பெருங்கானல் ஊராட்சிக்கு இரண்டு பெயர் வந்திருக்கிறது. ஒன்று மரவாழை, படித்தவர்கள் ஆர்க்கிட் என்கிறார்களே, அது. இன்னொன்று உடும்பு. இரண்டில் எது அழியும் நிலையில் இருக்கிறது, எதைக் காப்பாற்றுவது முக்கியம் என்று ஒப்பிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இடப்பக்கம் மரவாழை, வலப்பக்கம் உடும்பு, நடுவில் கோடு. பதினான்கு கேள்விகள்.

"ரெஜினாம்மா, உங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். நீங்களே எழுதிருங்க" என்றார் செயலர். அதாவது அவர் எழுத மாட்டார்.

"ரெண்டையும் போடக் கூடாதாங்க?"

"ஒண்ணுக்குத்தான் இடம் இருக்கும்மா."

"ரெண்டும் ஒரே மரத்துலதானே இருக்கு."

"மரம் வேற, உயிர் வேறம்மா."

மரத்துக்கு உயிர் இல்லையா என்று வாய்வரை வந்தது. நேற்றுதான் சாம்பல் புதன், கோயிலில் சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். தவக்காலத்தின் இரண்டாம் நாளே சண்டை போட்டால் நன்றாக இருக்காது என்று விழுங்கினேன்.

அந்த மரம் எங்கள் வாசலுக்கு எதிரே ரோட்டோரம் நிற்கும் நாவல் மரம். ரோட்டை அகலப்படுத்த வெட்டப்போகும் பதினோரு மரங்களில் அதற்கு நம்பர் 7. சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏப்ரல் 28 அன்று ஆட்கள் வருகிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். காலையில் கருப்பட்டிக் காப்பி மட்டும். சாயங்காலம் சிலுவைப் பாதைக்குப் போய்வந்து கஞ்சி.

கோழி ஐந்து. முட்டை இருக்க வேண்டியது நான்கு. இருந்தது ஒன்று. ஓட்டைத் தவிர மீதி எல்லாம் உடும்பு வயிற்றில். இதற்கு நான் வலப்பக்கம் பாராட்டி எழுத வேண்டுமாம்.

இடப்பக்கத்தை முழுவதும் எழுதி முடித்தேன். எழுத எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் காற்றில் முறிந்து விழுந்த கிளையோடு இதை எடுத்துவந்தேன். இரண்டு துண்டு இருந்தது. ஒன்றைக் கொல்லைக் கொய்யாவில் கட்டினேன், ஒரு வருஷத்தில் காய்ந்து போனது. இன்னொன்றை இந்த நாவலில் பழைய சேலைக் கிழிசலால் கட்டினேன். நான்காவது வருஷம்தான் பூத்தது. அந்த வருஷம் ஒரு சரம், நாற்பத்தொரு பூ. அதிலிருந்து வருஷா வருஷம் எண்ணி எழுதி வருகிறேன். போன வருஷம் ஐந்து சரம், இருநூற்றுப் பதினெட்டுப் பூ. மே மாதம் பூத்ததும் முதல் சரம் கோயிலில் மாதா காலடிக்குப் போகும். சுற்று வட்டாரத்தில் வேறு எங்கும் இப்போது இது இல்லை. கொடைக்கானலில் விற்பதற்கென்று பெயர்த்துப் பெயர்த்துக் காட்டையே துடைத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, பிள்ளைக்கு ஜாதகமா எழுதற?" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி கிடையாது. சபை கேட்பது வெள்ளிக்கிழமை மட்டும்தான் என்று இவர் வருஷா வருஷம் வாதாடுவார். நான் வருஷா வருஷம் கேட்பதில்லை. மீன் மட்டும் உண்டு.

இன்று பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு இவர் சாமியாரை வாசலில் பிடித்துக்கொண்டார். கூட இவர் தம்பி அமல்தாஸும் நின்றான்.

"சாமி, மீனும் உசுருதானே? அதை மட்டும் எப்படிச் சாப்பிடலாம்?"

சாமியாருக்கு அடுத்த ஊர்ப் பூசைக்கு நேரமாகிவிட்டது. பைக்கை உதைத்துக்கொண்டே, "சூடான ரத்தம் ஓடுற பிராணிதான் கறின்னு கணக்கு, சவரிமுத்து. மீன், நண்டு, ஆமை எல்லாம் குளிர்ந்த ரத்தம். அது கறி தொடாத சுத்தபோசனத்தைக் கெடுக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஆமை கூடவா!" என்றான் அமல்தாஸ்.

"ஆமைக்கு எங்க போவ, போடா" என்று நான் அதட்டினேன். இரண்டு பேருக்கும் நாக்கு ஒரே அச்சில் வார்த்தது.

மார்ச் 10, திங்கள்

தலையில் இடி. வனவருக்குப் போன் செய்து, இடப்பக்கம் முடித்துவிட்டேன், மரவாழையே இருக்கட்டும் என்றேன். அந்தப் பெண் நல்ல பெண். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டது.

"அம்மா, மரவாழையைத் தேர்ந்தெடுத்தா மரம் நிக்காதும்மா. கிளையோட அறுத்து வேற மரத்துல கட்டச் சொல்லி எழுதுவாங்க. அது சட்டத்து அட்டவணையில இல்ல. என்னால மரத்தை நிறுத்த முடியாது."

"கட்டினா பிழைக்காதும்மா. நான் கட்டிப் பார்த்தவ."

"தெரியும்மா. ஆனா உடும்பு முதல் அட்டவணையில இருக்கு. புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். அது குடியிருக்கிற பொந்துன்னு நிரூபணம் ஆனா மரத்தைத் தொட முடியாது."

"இந்த முட்டைத் திருடனுக்குப் புலிச் சட்டமா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூன்று வேறு வேறு நாளில், குழு உறுப்பினர் தன் கண்ணால் பார்த்ததாக, நேரத்தோடு எழுதித் தர வேண்டும். அது ஏப்ரல் 21க்குள் அவள் கைக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆக, மரவாழை நிற்க வேண்டுமானால் நான் உடும்புக்கு வக்காலத்து வாங்க வேண்டும். இடப்பக்கத்தை மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்தது வீண்.

மார்ச் 12, புதன்

பார்வை ஒன்று. காலை 10.40. நாவல் மரத்துப் பொந்து வாசல். மூக்கிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய நாலடி. நாக்கு இரண்டாகப் பிளந்து நீலமாக இருந்தது. என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

பதினொன்றரைக்கு மூன்று முட்டை காணோம்.

மதியம் அமல்தாஸ் வந்திருந்தபோது வயிற்றெரிச்சலில், "இதைப் பிடிச்சுட்டுப் போக ஊர்ல ஒரு ஆம்பளை இல்லையா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன். "சும்மா சொன்னேன்டா, அதுதான் இப்ப நம்ம மரத்துக்குக் காவல்" என்றும் சொன்னேன். அவன் அப்போது இவருடைய இடுப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான். மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

மார்ச் 15, சனி

சாமான் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பில் நூலகத்துக்குப் போனேன். நூலகர் உடும்பைப் பற்றி ஒரே ஒரு பழைய புத்தகம் தேடி எடுத்துக் கொடுத்தார், அதிலும் பாதிப் பக்கத்தில் கரையான். எங்கோ கடலுக்கு நடுவில் ஒரு தீவில் பத்தடி உடும்பு இருக்கிறதாம். மானையும் ஆட்டையும் கொன்று தின்னுமாம். உலகத்திலேயே பெரிய பல்லி அதுதானாம், அதுவும் அழிந்துகொண்டிருக்கிறதாம். அந்த ஊர்ப் பெண்கள் எந்தப் படிவத்தை நிரப்புகிறார்களோ. எனக்கு வாய்த்தது நாலடி.

மார்ச் 17, திங்கள்

வலப்பக்கம் எழுதினேன். இவரும் அமல்தாஸும் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். எழுதியதைச் சரிபார்க்க வாசித்துக் காட்டினேன்.

கேள்வி 4, இனப்பெருக்கம். மரவாழை: ஒரு காய்க்குள் தூசி போல ஆயிரக்கணக்கான விதை. மரப்பட்டையில் அதற்கென்று உள்ள பூஞ்சை இருந்தால்தான் முளைக்கும். பன்னிரண்டு வருஷத்தில் நான் பார்த்து ஒன்றுகூட முளைக்கவில்லை. உடும்பு: ஒரு ஈட்டுக்கு இருபது முட்டை வரை. கரையான் புற்றில் இட்டு மூடிவிட்டுப் போய்விடும். திரும்பிப் பார்க்காது.

கேள்வி 6, ஆபத்து வரும்போது என்ன செய்யும். மரவாழை: ஒன்றும் செய்யாது. உடும்பு: ஓடும், மரம் ஏறும், பொந்துக்குள் உடம்பை உப்பிப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி 7, உடல் அமைப்பு. உடும்பு: ஊர்வன வகை. குளிர் ரத்தப் பிராணி. வெயிலில் காய்ந்தால்தான் சுறுசுறுப்பு வரும்.

"என்ன ரத்தம்?" என்றார் இவர்.

"குளிர் ரத்தம்."

"மீனு மாதிரியா?"

"மீன் மாதிரிதான்."

"பாருடா!" என்றார். மொச்சை உரிப்பதை நிறுத்திவிட்டு அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நாள் நான் எதை வாசித்தாலும் கொட்டாவி விடும் மனிதர் ஒரு விஷயத்தைக் காதுகொடுத்துக் கேட்டாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு தரம் வாசித்துக் காட்டினேன்.

மார்ச் 20, வியாழன்

பார்வை இரண்டு. காலை 9.15. மரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நேரே மரவாழை இருக்கும் கிளைக்குப் போனது. என் உயிர் போய்விட்டது. விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மேலே போய் மரவாழை வேர்மேல் ஒரு காலை வைத்து, தலையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு வெயில் காய்ந்தது. பத்து நிமிஷம். ஒரு இலை முறியவில்லை. அந்த நகத்துக்கு ஒரு இலை எம்மாத்திரம். பிறகு அது வந்த வழியே இறங்கியது.

விளக்குமாற்றோடு ரோட்டில் நின்றுகொண்டிருந்ததைப் பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

இன்னும் ஒரு பார்வை போதும்.

மார்ச் 23, ஞாயிறு

முட்டை இரண்டு போயிற்று. உடைந்த முட்டை ஒன்றை நானே பொந்துக்குக் கீழே வைத்தேன். வெளியே வந்தால் மூன்றாவது பார்வைக்கு ஆகுமே என்றுதான், வேறு எதற்கும் இல்லை. நான் செபமாலை சொல்லிவிட்டு வருவதற்குள் முட்டை இல்லை. பார்க்க முடியவில்லை. அதற்கும் நேரம் காலம் தெரியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஒருசந்தி. சிலுவைப் பாதைக்கு இவர் வரவில்லை. இடுப்பு வலி என்றார். திரும்பி வந்தால் வீட்டில் இல்லை. தம்பி வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறார், இடுப்பு வலியோடு, மேட்டில். ஏழரை மணிக்கு வந்தார். கஞ்சி வேண்டாம் என்றார்.

"அங்க என்ன சாப்பிட்டீங்க?"

"மீனு மாதிரி ஒண்ணு."

"மீனு மாதிரின்னா? கருவாடா?"

"ஆமா, அப்படித்தான்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மிளகு வாசனை வீட்டை நிறைத்தது. கருவாட்டுக்கு யார் இவ்வளவு மிளகு போடுவார்கள்? அமல்தாஸ் பெண்டாட்டிக்கு எதையுமே அளந்து போடத் தெரியாது.

மார்ச் 29, சனி

முட்டை நான்கு. நான்கும் முழுசு. மாதாவுக்கு ஸ்தோத்திரம்.

மார்ச் 31, திங்கள்

முட்டை ஐந்து.

ஏப்ரல் 3, வியாழன்

முட்டை நான்கு. உடும்பைக் காணோம். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்தேன். புடைத்த அரிசியையே மறுபடி புடைத்தேன். வெயில் நன்றாக அடிக்கிறது, வராமல் இருக்காது. மேல்காட்டுக்குப் போயிருக்கும். ஊர்வனவற்றுக்கு அப்படி ஒரு பழக்கம் இருக்கலாம். புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத்தான் கரையான் தின்றிருக்கிறது.

அமல்தாஸின் நாய்க்குக் காது கிழிந்திருக்கிறது. பன்றி குத்தியதாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மரவாழையில் பூச்சரம் முளை விட்டிருக்கிறது. ஏணி வைத்து ஏறி எண்ணினேன். ஆறு. பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் அதிகம். நம்பர் 7க்கு மேலே ஆறு சரம்.

பொந்துக்குக் கீழே மறுபடி வைத்த முட்டை வைத்த இடத்திலேயே இருக்கிறது. எறும்பு மொய்க்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

வனவர் பூங்கோதை வந்தாள். ஏணியில் ஏறிப் பூச்சரத்தைப் போட்டோ எடுத்தாள். பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"சில சமயம் இடம் மாறும்மா. இன்னும் பதினோரு நாள் இருக்கு. ஒரே ஒரு தடவை பாத்து எழுதிட்டீங்கன்னா போதும். மறுநாளே நான் கடிதம் குடுத்துருவேன். நேர்ல பாத்தவங்க வார்த்தைக்கு மேல நான் கேள்வி கேக்க மாட்டேன்."

இவர் உள்ளே இருந்தார். டீ கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்து, காக்கிச் சட்டையைப் பார்த்ததும் டம்ளரை வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். மரியாதை தெரியாத மனிதர் என்று அவள் நினைத்திருப்பாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பவனி முடிந்து குருத்தோலையோடு திரும்பி வரும்போது அமல்தாஸ் பக்கத்தில் வந்து நடந்தான். இவர் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

"மதினி, அண்ணனுக்கு இடுப்பு எப்படி இருக்கு?"

"எப்பவும் போலதான்."

"அதெப்படி? முழுசா ரத்தம், வால் கறி எல்லாம் அண்ணனுக்குத்தானே குடுத்தேன். ரெண்டு வாரத்துல நிமிரணுமே."

நான் நின்றுவிட்டேன்.

"என்ன கறிடா?"

"அட, கறி இல்ல மதினி! பயப்படாதீங்க. நீங்கதானே வாசிச்சுக் காட்டினீங்க, குளிர் ரத்தம்னு. சாமியாரும் சொன்னாருல்ல. அதனாலதான் வெள்ளிக்கிழமையே அடுப்புல ஏத்தினோம். சுத்தபோசனம் கெடவே இல்ல. நாய் காதைத்தான் கிழிச்சுருச்சு."

முகத்தில் அப்படி ஒரு பெருமை. வீட்டில் கறி கேட்காமல், நோன்பு கெடாமல், அண்ணன் இடுப்புக்கும் மருந்து செய்துவிட்ட பெருமை. நான் புடைத்த அரிசியை மறுபடி புடைத்தது நினைவுக்கு வந்தது. ரோடு என்றும் பார்க்காமல் கையில் இருந்த குருத்தோலையால் அவன் தோளில் இரண்டு அடி போட்டேன். ஆசீர்வதித்த ஓலை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

நேற்று முழுவதும் இவரோடு பேசவில்லை. இன்று காலை இவரே வந்தார்.

"உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு தாஸ் சொன்னான்."

"அது நம்ம மரத்துக் காவல்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. நீதான் அன்னைக்கு, பிடிக்க ஒரு ஆம்பளை இல்லையான்னும் கேட்ட."

கேட்டது வாஸ்தவம்தான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

"இடுப்பாவது நிமிர்ந்துச்சா?"

"இல்ல" என்றார். பிறகு, "ரெண்டு நாள் நிமிர்ந்த மாதிரி இருந்துச்சு. அதுவும் ஆசையிலதான்."

சாயங்காலம் அமல்தாஸ் வந்தான். நேற்றைய பெருமை இல்லை. புலிக்கு உள்ள சட்டம்தான் உடும்புக்கும், மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஜெயில் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மதினி, பதினெட்டாந்தேதி காலைல பாத்தேன்னு ஒரு வரி எழுதிருங்க. மரம் நிக்கும். உங்க பூ நிக்கும். அண்ணன் வீட்டுல இருப்பாரு, நான் என் பிள்ளைகளோட இருப்பேன். யாருக்கு நட்டம்?"

"பதினெட்டு பெரிய வெள்ளிடா."

"அப்ப பத்தொன்பது."

இவனிடம் என்ன பேச.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று நாள் முழுவதும் தேடினேன். கணக்குப் போட்டால் எல்லாம் சரியாக வருகிறது. ஒரு வரி எழுதினால் எல்லாரும் பிழைக்கிறார்கள், உடும்பைத் தவிர. அது ஏற்கெனவே போய்விட்டது. உண்மையை எழுதினால் மரமும் போகும், மரவாழையும் போகும், மனிதரும் போவார். இப்படியும் ஒரு சோதனை வருமா?

அந்த நாலு பேர் வராத கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார்களே, அவர்கள் தலையில் என்ன வானமா இடிந்து விழுந்தது?

பென்சிலால் எழுதிப் பார்த்தேன். பார்வை மூன்று. ஏப்ரல் 15. காலை 9.30. பொந்து வாசல். நாலடி. படித்துப் பார்த்தால் முதல் இரண்டைவிட அழகாக இருந்தது. பேனாவை எடுத்தேன். வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஏப்ரல் 16, புதன்

அழித்துவிட்டேன்.

ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாவம் என்பதால் மட்டும் இல்லை. முதல் சரம் பூத்ததிலிருந்து எண்ணி எழுதி வருகிறேன். நாற்பத்தொன்று என்றால் நாற்பத்தொன்று. உதிர்ந்த மொட்டைக்கூடச் சேர்க்கவில்லை. இல்லாத ஒரு உடும்பை எழுதிவிட்டால், பிறகு எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் எனக்கே நம்பிக்கை வராது. தின்றதுமல்லாமல் அதை உயிரோடு வெயில் காய வைத்து எழுதுவது எனக்கு முடியவில்லை.

இவரிடம் சொன்னேன். "நான் உள்ளதை எழுதி அனுப்பப்போறேன். அது செத்துருச்சுன்னு எழுதுவேன். யார், எப்படின்னு எழுதற இடத்தைச் சும்மா விட்டுருவேன். அதை நீங்க எழுதினாத்தான் உண்டு. உங்களுக்காக நான் எழுத மாட்டேன்."

"எழுதலைன்னா?"

"வெறும் இடமாவே போகும்."

"அதுக்கு நீயே எழுதிரலாம். வெறும் இடத்தைப் பாத்தா அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயிலில் சிலுவையை முத்தி செய்ய வரிசை. எல்லாரும் மண்டியிட்டு முத்தமிட்டார்கள். இவரால் குனிய முடியாது. நின்றுகொண்டே கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எவ்வளவு நேரம் ஆகியும் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தேன்.



ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

கோழிக்குழம்பு வைத்தேன். இவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். நாற்பது நாள் இதற்காகத் தவித்த மனிதர்.

மதியம் அமல்தாஸ் வந்தான். "ஒரு பல்லிக்காக அண்ணனைக் காட்டிக் குடுக்கப் போறீங்களா மதினி?" என்று கத்தினான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் உள்ளே இருந்து, "நீ வீட்டுக்குப் போடா. உன் பேரு அதுல வராது" என்றார்.

"அப்ப பொய்யா எழுதுவீங்க?" என்றேன், அவன் போன பிறகு.

"சாப்பிட்டது நான். எனக்காகப் பிடிச்சது. அதை எழுதறேன். பிடிச்ச கை யாருன்னு கேட்டா, அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லிக்கறேன். உன் நோட்டுல அவன் பேரு வேண்டாம், ரெண்டு பிள்ளை இருக்கு."

இதுவும் அரைகுறைதான். ஆனால் அந்த அரைகுறையை எழுத இவர் என் பேனாவை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இடுப்பு வலிக்க வலிக்க. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு இவர் எழுதிய முதல் வரிகள். எழுத்துப் பிழையைத் திருத்த என் கை பரபரத்தது. திருத்தவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

காலை பஸ்ஸில் போகிறேன், வனவர் கையிலேயே கொடுக்க. அதன் நகல் இது.

அன்புள்ள வனவர் பூங்கோதை அவர்களுக்கு,

ஒப்பீட்டுப் படிவத்தை இத்துடன் கொடுக்கிறேன். பதினான்கு கேள்விக்கும் இரு பக்கமும் எழுதியிருக்கிறேன். வலப்பக்கத்தில் உடும்பின் எண்ணிக்கை ஒன்று என்று முன்பு எழுதியிருந்தேன். அதை அடித்துப் பூஜ்யம் என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பார்வை இரண்டுதான். மூன்றாவது கிடையாது. மார்ச் 28 அன்று அது இறந்துவிட்டது. எப்படி என்பதை என் கணவர் தன் கையால் தனித்தாளில் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். நாங்கள் வீட்டில்தான் இருப்போம். ஊர்வன என்றும் குளிர் ரத்தம் என்றும் படித்துக் காட்டியது நான். அது எங்கே போய் முடியும் என்று எண்ணிப் பார்க்காமல் படித்தேன். அதையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி 11, இடம் மாற்ற முடியுமா என்பதற்கு மரவாழைப் பக்கம் 'முடியாது' என்று எழுதியிருக்கிறேன். கொய்யா மரத்தில் கட்டிய துண்டு காய்ந்த தேதியும் அதில் இருக்கிறது. இப்போது ஆறு சரம் முளைத்திருக்கிறது. மே இரண்டாம் வாரம் விரியும். அதற்குச் சட்டம் இல்லை என்று சொன்னீர்கள். சட்டம் இல்லாமல், ஒரு குழு உறுப்பினர் கேட்கிறார் என்பதற்காக ஒரு மரத்தை நிறுத்த உங்களுக்கு மேலே உள்ளவர்களிடம் வழி இருக்கிறதா, குறைந்தது பூ முடிந்து காய் வெடிக்கும் வரையாவது, என்று எனக்குத் தெரிய வேண்டும். முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

28ஆம் தேதி காலை மரம் வெட்ட ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன்பு பதில் கிடைக்க வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.

ச. ரெஜினா